வண்டியைக் கெடுத்த கை

ஹின்லாட் ஊர், லோய், தாய்லாந்து
அக்டோபர் 6

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு, லம்யாய் கும்பிட்டு எழுதுவது.

இங்கே நான் சுகம். உங்கள் தங்கை பிகுல் அவளுக்கு விதித்த அளவுக்குச் சுகம். நீங்கள் வாங்கி நிறுத்திவிட்டுப் போன பிக்கப் வண்டிதான் சுகமில்லை. ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் வண்டி எப்படி ஓடுகிறது என்று கேட்டீர்கள். ராணி மாதிரி ஓடுகிறது என்றேன். அது பொய். பக்கத்தில் பிகுல் உட்கார்ந்திருந்தாள். நீங்களோ அந்தக் கொரியாத் தீவிலிருந்து வாரம் ஒரு நாள் கரைக்கு வந்து பேசுகிறீர்கள், அந்த நேரத்தில் உங்கள் வயிற்றில் புளியைக் கரைக்க எனக்கு மனசு வரவில்லை. விசா இல்லாத ஆளுக்குத் தபால் எங்கே வரும்? அதனால் வழக்கம்போல, விசாவோடு அங்கே இருக்கிற நம் ஊர் வன்சாய் பெயருக்குப் போடுகிறேன். அவனிடமிருந்து வாங்கி, சாப்பிட்ட பிறகு படியுங்கள்.

வண்டி மேட்டில் ஏற மாட்டேன் என்கிறது. இன்ஜின் ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்துகிறது, சக்கரம் சுற்றுவதில்லை. கியர் மாறுகிற இடத்தில் ஒரு உதறல் உதறுகிறது பாருங்கள், பல்லெல்லாம் ஆடிப்போகிறது. பிறகு மஞ்சள் விளக்கு ஒன்று எரிகிறது, அதோடு மாட்டுவண்டி வேகம்தான். அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துப் போட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஓடுகிறது. இன்ஜின் ஆயிலையும் உங்கள் சித்தப்பா அரிசிச் சாராயம் குடிக்கிற மாதிரி குடிக்கிறது. நான் அதற்குச் சக்களத்தி என்று பேர் வைத்திருக்கிறேன். உங்கள் தங்கை மரியாதைக்காரி, அவள் 'சின்ன அண்ணி' என்கிறாள். சின்ன அண்ணிக்கு இன்னைக்கு மூடு சரியில்ல போல அண்ணி, என்று ஒவ்வொரு வளைவிலும் சொல்லி என் உயிரை வாங்குகிறாள்.

போன வெள்ளிக்கிழமை விளையாட்டு வினையாகிவிட்டது. மலை வளைவில் சாமி மாடம் இருக்கிறதே, எல்லாரும் ஹாரன் அடித்துவிட்டுப் போகிற இடம், அங்கே நானும் அடித்தேன். அடித்த கையோடு வண்டி நின்று பின்னால் உருள ஆரம்பித்தது. எங்களுக்குப் பின்னால் முட்டைக்கோஸ் ஏற்றிய லாரி. பிரேக்கை மிதித்துக்கொண்டு நான் கத்துகிறேன், உங்கள் தங்கை அந்த வீங்கின காலோடு இறங்கிப் போய்ச் சக்கரத்துக்கடியில் கல் வைக்கிறாள். லாரிக்காரர்தான் கடைசியில் கயிறு கட்டி மேலே இழுத்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவளுடைய டயாலிசிஸ் மெஷினில் வேறு யாரோ படுத்திருந்தார்கள். சாயங்காலம் வரை பெஞ்சில் காத்திருந்தோம். மூச்சு வாங்கிக்கொண்டு, தண்ணீர் குடிக்கக் கூடாது என்பதால் ஐஸ் துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வாரத்துக்கு இரண்டு நாள் அவளுக்கு அந்த மெஷின் வேண்டும். வயிற்றில் குழாய் வைத்து வீட்டிலேயே செய்தது சீழ் பிடித்த பிறகு வேறு வழி இல்லை என்று டாக்டர் சொன்னது உங்களுக்கே தெரியும். பஞ்சாயத்து வேனைக் கேட்டுப் பார்த்தேன். அது படுத்த படுக்கையாக இருக்கிறவர்களுக்காம், உட்கார்ந்து வருகிறவர்களுக்கு இல்லையாம். இஞ்சி அறுப்பு நேரத்தில் யார் வீட்டு வண்டியும் சும்மா நிற்பதில்லை. நம்மிடம் இருப்பது இந்தச் சக்களத்தி ஒருத்திதான்.

ஷோரூமுக்கு எத்தனை தடவை போயிருப்பேன் என்று எனக்கே நினைவில்லை. உள்ளே போனால் ஏசி, காப்பி, எல்லாரும் கை கூப்பிக் குனிந்து கும்பிடுகிறார்கள். அவர்கள் குனிகிற ஆழத்தைப் பார்த்தே நமக்கு நாமம் என்று புரிந்துகொள்ளலாம். ஒரு கம்ப்யூட்டரை மாட்டுவார்கள். அங்கே சக்களத்தி பெண் பார்க்க வந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி அடக்க ஒடுக்கமாக உறுமுவாள். கவுன்ட்டரில் ஒராபின் என்று ஒரு பெண், நல்ல பெண்தான், மனப்பாடம் பண்ணினதை ஒப்பிக்கிறது. கோளாறு எதுவும் காட்டவில்லை, இது இந்த மாடலோட சுபாவம் அக்கா, ஓட்டிக்கிட்டே கவனிச்சுப் பாருங்க என்கிறது. ஓட்டினால்தானே அம்மா கவனிப்பது, அது ஓடவில்லை என்றுதானே வந்திருக்கிறேன் என்றேன். அதற்கும் கும்பிட்டது.

மற்றதையும் செய்து பார்த்துவிட்டேன். விகாரைக்குக் கொண்டுபோய்ப் பிக்குவை மறுபடியும் மந்திரம் ஓத வைத்து, டிரைவர் சீட்டுக்கு மேலே வெள்ளைப் பொட்டும் வைத்து வாங்கினேன். வண்டியில் குடியிருக்கிற தேவதைக்குப் புதுப் பட்டுத்துணியும் மல்லிகை மாலையும் கட்டி, சிவப்பு சோடா வைத்துக் கும்பிட்டேன். உங்கள் பிறந்த கிழமைக்கு வெள்ளி நிறம் ஆகாது என்று உதிரிபாகக் கடைக்காரி சொன்னாள் என்று, அந்த வெள்ளி வண்டி மேலேயே 'இந்த வண்டியின் நிறம் பச்சை' என்று ஸ்டிக்கர்கூட ஒட்டியாயிற்று. விதியை ஏமாற்றலாம், மேட்டை ஏமாற்ற முடியாதே அண்ணி என்றாள் உங்கள் தங்கை.

இதே வண்டி வாங்கி இதே அவஸ்தைப்படுகிறவர்கள் ஃபோனில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். நூற்றுக்கணக்கான பேர். கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது. அவர்கள் எல்லாரும் சேர்ந்து ஷோரூம் வாசலில் மிளகாயும் உப்பும் எரித்துச் சாபம் விடப் போகிறார்களாம். எனக்கு இஷ்டமில்லை. வாயால் விட்டதைத் திருப்பி அள்ள முடியாது. ஆனால் பிகுல் ஒற்றைக் காலில் நிற்கிறாள். பெஞ்சில் உட்கார வைத்தார்களே, அந்த ஆத்திரம் அவளுக்கு இன்னும் அடங்கவில்லை.

நீங்கள் கவலைப்பட்டு வேலையில் கவனம் தப்பிவிடாதீர்கள். சிப்பிப் பண்ணையில் கயிறு இழுக்கும்போது கையுறை போடுங்கள். கடல் சாமி உங்களைப் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
சக்களத்தியோடு குடித்தனம் நடத்தும்
லம்யாய்


ஹின்லாட்
நவம்பர் 19

அன்புள்ள உங்களுக்கு, லம்யாய் கும்பிட்டு எழுதுவது.

போன கடிதம் கிடைத்ததாக ஃபோனில் ஜாடையாகச் சொன்னீர்கள், நிம்மதி. இந்தக் கடிதத்தைப் படித்தது பிகுலுக்குத் தெரியக் கூடாது. உங்களிடம் சொல்ல மாட்டேன் என்று புத்தர் சிலைக்கு முன்னால் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். வாயால் சொல்ல மாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை.

சாபம் விடப் போனோம். திருவிழாக் கூட்டம் மாதிரி இருந்தது. ஒரு மரவள்ளி விவசாயி, சனன் என்று பெயர், தன் வண்டியை எருமை கட்டி இழுத்துக்கொண்டு வந்தார், பத்திரிகைக்காரர்கள் படம் எடுக்கட்டும் என்று. எருமை ஷோரூம் வாசல் வரை வந்து, அங்கே தொட்டியில் வைத்திருந்த அலங்காரச் செடியை நிதானமாகத் தின்ன ஆரம்பித்தது. காவலாளி விரட்ட வந்தபோது சனன், "விடுங்க தம்பி, ஓட்டிக்கிட்டே கவனிச்சுப் பாக்கறோம், இது அதோட சுபாவம்" என்றார். அத்தனை பேரும் சிரித்தோம். பிகுல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி.

மண் அடுப்பில் கரியை மூட்டி, காய்ந்த மிளகாயையும் உப்பையும் ஆளாளுக்குக் கைநிறைய அள்ளிப் போட்டார்கள். நெடி தாங்க முடியவில்லை, எல்லாரும் இருமி, கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார்கள். ஒவ்வொருவராக மைக்கில் பேசினார்கள். கம்பெனிக்காரன் நாசமாப் போவான், மேனேஜர் வயிறு எரியும் என்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்கள். பிகுல் முறை வந்தது. அந்த நெடியில் அவளுக்கு மட்டும் இருமல் வரவில்லை. அடுப்புக்குக் கிட்டே போய், டயாலிசிஸ் ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன கையைச் சட்டையை விலக்கிக் காட்டினாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"கம்பெனி யாருன்னு எனக்குத் தெரியாது. பேர் தெரியாதவங்களச் சபிக்க மாட்டேன். எங்க வண்டிய எந்தக் கை கெடுத்துச்சோ, அந்தக் கைக்குச் சொந்தக்காரன் தன் வீட்டுப் படிய மிதிக்கக் கூடாது. அவன் காலு அவன் வீட்டு வாசலுக்கு வந்து சேரக் கூடாது. நான் சாகறதுக்குள்ள இது நடக்கணும்."

யாரும் கை தட்டவில்லை. இருமலில்லாமல் விட்ட வாக்கு பலித்துவிடும் என்று பக்கத்தில் நின்ற ஒரு பெண் என் காதில் சொன்னாள். அதில் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது, பொய் சொல்வானேன்.

பத்திரிகையில் வந்ததும் மேனேஜர் இறங்கி வந்தார். எல்லாருடைய வண்டியையும் கம்பெனிச் செலவிலேயே கியர் பாக்ஸைக் கழற்றிப் பார்ப்பதாக ஒப்புக்கொண்டார். நம் வண்டியைத்தான் முதலில் எடுத்தார்கள், நோயாளி இருக்கிற வீடு என்று. நாங்கள் பட்ட கஷ்டமெல்லாம் தீர்ந்தது என்று பிகுலும் நானும் வீட்டுக்கு வந்து வறுத்த கோழி வாங்கிச் சாப்பிட்டோம். உப்பில்லாமல் அவளுக்குத் தனியாகச் சுட்டுக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் கூப்பிட்டனுப்பினார்கள். வண்டியைத் தூக்கி நிறுத்தி வைத்திருந்தார்கள். மேனேஜர் டார்ச் அடித்துப் பின் சக்கரத்துப் பக்கம் காட்டினார். ஸ்பிரிங் பட்டைகள். கம்பெனி போட்டதற்கு மேலே இரண்டு பட்டைகள் கூடுதலாக, இரண்டு பக்கமும். இதைப் போட்டு அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றியதால்தான் கியர் பாக்ஸ் வெந்துபோயிருக்கிறது, இன்ஜினும் அதனால்தான் கெட்டது, ஆகவே உத்தரவாதம் செல்லாது என்றார். பிறகு ரொம்ப மரியாதையாக, "இத யாரு போட்டது அக்கா?" என்று கேட்டார்.

நீங்கள் புறப்படுவதற்கு முந்தின வாரம் நீங்களும் வன்சாயும் மாமரத்தடியில் படுத்துக்கொண்டு போட்டீர்களே. முட்டைக்கோஸ் நிறைய ஏற்றலாம், லம்யாய்க்கு ஒரு நடை மிச்சம் என்றீர்களே. உங்களுக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுத்தது யார்? பிகுல்தானே. பிகுல் பக்கம் திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது. அவளே மேனேஜரிடம் மெதுவாக, "எங்கண்ணன் போட்டது" என்றாள்.

என்னங்க, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை. நம் ஊரில் பட்டை சேர்க்காத பிக்கப் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். வாங்கின மறு வாரம் எல்லாரும் செய்கிறதுதான். அது மட்டுமில்லை, அந்தக் குழுவிலேயே பட்டை சேர்க்காமல், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடுவதற்கு மட்டும் வைத்திருக்கிற ஒரு டீச்சருடைய வண்டியும் இதே மாதிரி நின்றுபோயிருக்கிறது. அவருக்கு வேறு காரணம் சொல்லியிருக்கிறார்கள். ஆளுக்கொரு காரணம் வைத்திருக்கிறார்கள். இதை நான் மேனேஜரிடமே சொன்னேன், சத்தம் போட்டே சொன்னேன். கழற்றியதைத் திரும்ப மாட்டி, வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து வெளியில் விட்டுவிட்டார்கள். இப்போது அது ஷோரூமுக்கு எதிர்ச்சாரியில் நிற்கிறது, பனியில்.

இதையெல்லாம் பிகுலிடமும் தொண்டை வறள வறளச் சொல்லிவிட்டேன். அவள் காதில் ஏறவில்லை. விகாரைக்கு அழைத்துப் போனேன். பெரிய பிக்கு பொறுமையாக விளக்கினார், யாரென்று தெரியாமல் சொன்ன சொல்லுக்குப் பாவம் கிடையாது, மனசில் என்ன நினைத்தாயோ அதுதான் கர்மம் என்றார். அதற்கு இவள், "நான் மனசாரத்தான் சாமி சொன்னேன். ஆள்தான் தெரியல" என்றாள். அதோடு விட்டாளா? எனக்குத் தெரியாமல் அடுத்த ஊர்ச் சாமியாடியிடம் போயிருக்கிறாள். அந்தப் பாழாய்ப்போனவள், உப்பும் மிளகாயும் தீயில் விழுந்த பிறகு சொல் திரும்பாது, சபிக்கப்பட்டவன் தானே வந்து படியை மிதித்தால் உடையும், இல்லையென்றால் சபித்தவள் தன்னை ஈடு கொடுக்கணும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். பன்றித் தலை வைத்துப் பூஜை செய்தேன், நான் சாமியாடியைத் திட்டினதை மன்னிக்கச் சொல்லியும் கும்பிட்டேன். என்ன செய்ய?

ஆஸ்பத்திரிக்கு இப்போதைக்கு யார் யாரையோ கெஞ்சிக் கூட்டிப் போகிறேன். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை அவளிடம் வழக்கம்போலக் கேலியாகப் பேசுங்கள். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை கொரியாவில் பார்த்து வைத்திருக்கிறேன் என்பீர்களே, அதையே சொல்லுங்கள். அவளுக்கு உங்கள் குரல் கேட்டால் போதும் என்று நினைக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். குளிர் ஆரம்பித்துவிட்டது, மார்பை மூடிக்கொண்டு தூங்குங்கள்.

இப்படிக்கு,
லம்யாய்


ஹின்லாட்
டிசம்பர் 10

என்னங்க, வன்சாய் லீவு முடிந்து இன்றைக்குச் சாயங்காலம் பஸ் ஏறுகிறான். அவன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். கும்பிடும் சுகமும் எழுத நேரம் இல்லை.

நவம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பேசினீர்கள். படகுத்துறையில் வழுக்கி, சிப்பி ஓடு காலைக் கிழித்துவிட்டது, தையல் போட்டிருக்கிறது, ஒற்றைக் காலில் கொக்கு மாதிரி நிற்கிறேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். நீங்கள் நான் சொன்னபடி கேலியாகத்தான் பேசினீர்கள். எந்தக் கால், எந்தக் கால் என்று அவள் இரண்டு தடவை கேட்டாள், ஞாபகம் இருக்கிறதா? வலது கால் என்றீர்கள். ஃபோனை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை டயாலிசிஸுக்குக் கிளப்பினேன், எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் மெஷினுக்குப் போகவில்லை.

அடித்துக்கூடப் பார்த்துவிட்டேன், என்னை மன்னியுங்கள். கன்னத்தில் ஒரு அறை விட்டேன், பிறகு இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதோம். உங்க அண்ணன் காலைக் கிழித்தது சிப்பி, நீ இல்லை என்றேன். அதற்கு அவள் சொன்ன பதில் எனக்கு இப்போதும் காதில் நிற்கிறது. "நான் வாரத்துக்கு ரெண்டு நாள் மெஷின்ல பொழச்சிக்கிட்டே இருந்தா, அங்க அவன் ஒவ்வொரு வாரமும் ஒண்ண இழந்துக்கிட்டே இருப்பான் அண்ணி. ஒருத்தர் ஈடு குடுக்கணும்னா நான்தானே குடுக்கணும், நான்தானே சொன்னேன்."

சாக வேண்டும் என்று அவளுக்கு ஆசை இல்லை, அதைத் தவறாக நினைத்துவிடாதீர்கள். பயத்தில் என் கையை விடுவதே இல்லை. தெருவில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் யார் வந்தது என்று கேட்கிறாள். நீங்கள் வந்து படியை மிதித்துவிட்டால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு வருகிறேன் என்று அவளே சொல்கிறாள். ஃபோனில் உங்களைப் பேச வைத்துவிடலாம் என்று பார்த்தேன். குரல் வந்தால் போதாது, கால் வரணும் என்கிறாள். சரி, அதுவாவது நடக்கட்டும் என்று பார்த்தால் இரண்டு ஞாயிறாக உங்கள் ஃபோன் அணைந்து கிடக்கிறது. அங்கே சோதனை நடக்கிறது, விசா இல்லாதவர்கள் எல்லாரும் ஃபோனை அணைத்துவிட்டு மலைப் பக்கம் ஒளிந்திருப்பார்கள், பயப்பட ஒன்றுமில்லை என்று வன்சாய் வந்து சொன்னான். நான் நம்பினேன். அவள் நம்பவில்லை. யார் கண்ணிலும் படாமல் திரிவதால் நீங்கள் எல்லாரும் அங்கே உங்களைச் 'சின்னப் பேய்' என்று சொல்லிக்கொள்வீர்களாமே, அதையும் அந்த முட்டாள் வன்சாய் அவள் காதில் விழும்படியே சொல்லிவிட்டான். பேய் என்ற சொல்லைக் கேட்டதும் அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

இப்போது கால் மட்டுமில்லை, முகமும் வீங்கிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று தலையணைகளை அடுக்கி உட்கார வைத்தே தூங்க வைக்கிறேன். பேச்சு சில நேரம் குழறுகிறது. காலையில் நர்ஸ் வந்து பார்த்துவிட்டு என்னை வெளியே அழைத்துப் போய்ப் பேசினாள். நாள் கணக்குதான் என்றாள். பஞ்சாயத்து வேன் வாசலுக்கே வந்தது. படுத்த படுக்கையாகிவிட்டாள் அல்லவா, இப்போது அவளுக்கு வேன் உண்டாம். இரண்டு ஆட்கள் தூக்கப் போனார்கள். அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ, கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். விரலைப் பிரிக்க எனக்கு மனசு வரவில்லை. பிரித்திருக்க வேண்டுமோ என்று இதை எழுதும்போது நினைக்கிறேன். நாளைக்கு மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன், நாளைக்கு நான் பிரிப்பேன்.

அந்த வண்டியைப் பற்றி ஒரு வரி. கம்பெனிக்காரர்கள் குழுவோடு பேசி, பட்டை சேர்த்தவர்களுக்கும் கியர் பாக்ஸ் மாற்றித் தருவதாக ஒத்துக்கொண்டுவிட்டார்களாம். நேற்று அந்த ஒராபின் பெண் ஃபோன் செய்து சொன்னது. தப்பு எங்க பக்கம்தான் அக்கா, பட்டையால இல்லையாம், எல்லா வண்டியிலயும் அதே உள்பாகம்தான் தேஞ்சிருக்காம் என்றது. ஓடிப்போய்ப் பிகுலிடம் சொன்னேன். வண்டியைக் கெடுத்தது உங்க அண்ணன் கை இல்லைடி, கேட்டியா, அந்தச் சாபம் அவரைச் சேரவே சேராது என்று காதுக்குள் கத்தினேன். கேட்டுக்கொண்டாள். "என் மனசத் தேத்தறதுக்குச் சொல்றீங்க" என்றாள். நான் அவளிடம் இதுவரை எத்தனை பொய் சொல்லித் தேற்றியிருக்கிறேன், இந்த ஒரு நிஜத்தை அவள் எப்படி நம்புவாள்?

நான் இத்தனை வருஷத்தில் உங்களை வா என்று ஒரு தடவைகூட எழுதினதில்லை. தவணை இருக்கிறது, இன்னும் ஒரு பருவம், இன்னும் ஒரு பருவம் என்றுதான் எழுதியிருக்கிறேன். இப்போது எழுதுகிறேன், வாருங்கள். விமான நிலையத்தில் நீங்களாகப் போய் ஒப்புக்கொண்டால் அனுப்பிவிடுவார்களாம். பிறகு அந்த நாட்டுக்குள் விடமாட்டார்களாம். விடாவிட்டால் போகட்டும். தவணை கட்ட முடியாமல் வண்டியைக் கொண்டுபோனால் கொண்டுபோகட்டும், நான் மாலை போட்டு அனுப்பி வைக்கிறேன். வன்சாய் தீவுக்கு வந்து சேர இரண்டு நாள் ஆகும் என்கிறான். கடிதம் கையில் கிடைத்ததும் மாற்றுத் துணிகூட எடுக்காமல் புறப்படுங்கள்.

மெயின் ரோட்டில் இறங்கினால் கூட்டிவர என்னிடம் வண்டி இல்லை. தையல் போட்ட கால் வலித்தாலும் நடந்தே வாருங்கள். வழியில் யார் என்ன சொன்னாலும் நிற்காதீர்கள். நம் வீட்டு வாசலில் பந்தல் போட்டு நாற்காலிகள் போட்டிருந்தாலும் தயங்கித் தெருவில் நின்றுவிடாதீர்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே வந்து படியில் காலை வையுங்கள், இரண்டு காலையும் வையுங்கள், நல்ல சத்தமாக, பிகுல், அண்ணன் வந்துட்டேன்டி என்று சொல்லுங்கள்.

உங்கள் காலுக்கு ஒன்றும் ஆகாமல் சாமி காப்பாற்றட்டும்.

வழியைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
லம்யாய்